முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாயைத் தேட

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் வருவார்கள். நான் முதலில் பார்ப்பது அந்தச் சிப்பாய்க்குக் கிடைத்த போர்ப் பதக்கத்தின் விளிம்பைத்தான். படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பொடி எழுத்தில் அங்கே இருக்கும், பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். டெரிட்டோரியல் படைக்காரர் (பகுதிநேரத் தன்னார்வப் படை) என்றால் 1917-இல் எண்கள் மாறின, பழையதையும் சேர்த்துத் தேடுங்கள்.

பணிக்கோப்பு கிடைக்கவில்லையா? சரி, விடுங்கள். 1940 லண்டன் குண்டுவீச்சில் அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது.

அப்புறம் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 95 (WO 95) என்ற ஆவண வரிசையில், அவர் இருந்த பட்டாலியனின் (ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு) போர் நாட்குறிப்பைப் படியுங்கள். அதிகாரிகளுக்குத்தான் பெயர் இருக்கும். சிப்பாய்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை (எனக்கு இதில் தீராத கோபம்). ஆனாலும் நீங்கள் தேடும் நாளில் பட்டாலியன் எந்த அகழியில் கிடந்தது என்பது தெரிந்துவிடும்.