புருவ மத்தியில் விழுந்த இரண்டு கோடுகள்

என் 52ஆம் வயதில் புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள் ஆழமாக விழுந்து, சும்மா இருக்கும்போதும் என்னைக் கோபக்காரியாகக் காட்டின. தோல் மருத்துவரிடம் போடாக்ஸ் ஊசி பற்றிக் கேட்டேன். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியைத் தடுத்துத் தசையைத் தளர்த்தும் அந்த மருந்தை இத்தகைய கோடுகளுக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002இல் அனுமதித்தது, ஆனால், மூன்று நான்கு மாதங்களில் பலன் தேய்ந்துவிடும் என்றார் அவர்.

அன்றிரவு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தேடியபோது, பீரோக் கண்ணாடியில் என் முகம் தற்செயலாகத் தெரிந்தது: கையை நீட்டி அட்டையைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, புருவத்தை நெரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளெழுத்து வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியும், கிழவி என்பார்களோ என்று மூக்குக்கண்ணாடியைத் தள்ளிப்போட்டவள் நான். (நரையை மறைக்காதவளுக்கு இதில் மட்டும் என்ன வெட்கமோ!)

மறுநாளே கண்ணைப் பரிசோதித்து, 1.75 பவரில் கண்ணாடி வாங்கினேன்; வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனும் குளிர்கண்ணாடியும் வழக்கமாயின. ஓராண்டாகியும் பழைய கோடுகள் மறையவில்லை என்றாலும் மேலும் ஆழமாகவில்லை, மாலைத் தலைவலியும் நின்றுவிட்டது. ஊசிக்கென்று ஒதுக்கிய பணத்தில் சிவப்பு பிரேமில் இன்னொரு கண்ணாடியும் வாங்கிக்கொண்டேன்.