வானொலியில் பெரியவர்களைப் பேச வைப்பது எப்படி? அரை மணி நேர நிகழ்ச்சிக்கான செய்முறை

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த அம்மா என் குரலைக் கேட்டுத் திரும்பினார். "புதன்கிழமை சாயங்காலம் ரேடியோவில பேசுற புள்ளதானே நீ? ரேகை விழலன்னா கண்ணை வச்சுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கன்னு சொன்னீல்ல, கேட்டேன். அரிசி போட்டுட்டாங்க" என்றார். அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் குறையவே இல்லை.

எங்கள் ஊர் சமுதாய வானொலியில் பெரியவர்களோடு சேர்ந்து, அவர்களுக்கான உள்ளூர்ச் சேவைகளைப் பற்றி வாரம் ஒரு நிகழ்ச்சி செய்கிறேன். தன்னார்வ வேலைதான். "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு பண்ணணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று பல பேர் கேட்டுவிட்டதால், நான் செய்யும் முறையை அப்படியே எழுதிவைக்கிறேன். உரிமம், கோபுரம், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் இதில் வராது. உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே போய் உங்கள் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஒலிபரப்பில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கான விதி. நீங்கள் போய் நின்றால் அவர்களுக்கும் அது உதவிதான்.

1. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சேவை

"முதியோர் நலத்திட்டங்கள்" என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் யார் மனதிலும் எதுவும் நிற்காது. ஓஏபி பணம் (முதியோர் உதவித்தொகை) ஒரு வாரம், ரேஷன் கைரேகை ஒரு வாரம், ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று ஒரு வாரம், பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால் எங்கே மனு கொடுப்பது என்பது ஒரு வாரம் என்று தனித்தனியாகப் பிரியுங்கள்.

தலைப்பை நீங்களாக யோசிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் நாளில் போய் உட்காருங்கள். பேங்க் வாசலிலும் உட்காரலாம். ஒரே ஒரு கேள்வி போதும்: "சமீபத்துல எங்க போயி வேலை முடியாமத் திரும்பி வந்தீங்க?" எனக்கு மூன்று மாதத்துக்கான தலைப்புகள் ஒரே காலையில் கிடைத்தன.

2. கருவிகள்

ஃபோன், கம்பி வைத்த காலர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன். இவ்வளவுதான். கம்பியில்லாத மைக் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நல்ல பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் அதில் சார்ஜ் தீரும். கம்பி மைக்கில் அந்தக் கவலை குறைவு.

காலர் மைக் சிலவற்றில் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும், ஒரு பக்கம் ஃபோனுக்கு, மறுபக்கம் கேமராவுக்கு. அது மாறிக் கிடந்தால் பதிவு ஓடுவது போலவே தெரியும், குரல் மட்டும் இருக்காது. அதனால் முதலில் பத்து விநாடி பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மைக்கைச் சேலை முந்தானையில் மாட்டினால் தாலிச் சங்கிலி உரசும் சத்தம் பேச்சு முழுக்க வரும். தோள்பட்டைப் பக்கமாக, சங்கிலி படாத இடத்தில் மாட்டுங்கள். கண்ணாடி வளையல் போட்டிருந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் கையை ஆட்டாமல் பேச வராதவர்களும் உண்டு. அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள். வளையல் சத்தத்தோடு வரும் நல்ல பேச்சு, சத்தமே இல்லாத கட்டிப்போட்ட பேச்சைவிட மேல்.

3. இடம்

ஸ்டுடியோவுக்குக் கூப்பிடாதீர்கள். ஏசி குளிரும், கதவை மூடிய அறையும், எதிரே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளும் சேர்ந்து பாதிப் பேச்சை விழுங்கிவிடும். அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். தனியாக ஒருவரை விட, ஒருவரை ஒருவர் தெரிந்த இரண்டு பேர் நல்லது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 30 விநாடி தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், பின்னால் வெட்டி ஒட்டும்போது கை கொடுக்கும்.

4. கேள்வி

"முதுமை எப்படிப் போகுது?" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல, ஓடுது" என்றுதான் பதில் வரும். காலையில் எழுந்ததிலிருந்து கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், டீ யார் போடுவார்கள், மாத்திரையை எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள், பேங்குக்குப் போக எந்த பஸ். என்னிடம் ஒருவர் மாத்திரைகளைப் பழைய வெற்றிலைப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லி, எடுத்துவந்து திறந்தார். காலை மாத்திரை சுண்ணாம்பு வைக்கும் குழியில், ராத்திரி மாத்திரை பாக்குக் குழியில். அந்தப் பெட்டி மூடும் 'டிக்' சத்தத்தோடு அந்த வார நிகழ்ச்சியைத் தொடங்கினேன்.

5. அதிகாரியின் பதிலை வாங்குவது

இதில்தான் நான் சறுக்கினேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நிகழ்ச்சிக்கு, ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரையும் நான்கு பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தேன். வரிசையில் நின்றபோது "எட்டு தடவ நடந்துட்டேன்" என்று கொதித்த அதே அம்மா, அவரைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு "ஐயா நல்லாத்தான் செய்றாங்க" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்த அதிகாரி இருபது நிமிடம் திட்டத்தின் விவரத்தைப் படித்தார். ஒலிபரப்பான மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவருக்குப் பணம் ஏன் நின்றது என்பது அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

யார் மேலும் தப்பில்லை. நாளைக்கும் அதே கவுண்டருக்குப் போய் நிற்க வேண்டியவர், அந்த ஆள் முன்னால் குறையைச் சொல்ல மாட்டார். அப்புறம்தான் முறையை மாற்றினேன். இப்போது மூன்று நடை நடக்கிறேன்.

முதல் நடை: பெரியவரின் கேள்வியை அவர் வீட்டிலேயே, அவர் குரலில், 40 விநாடிக்குள் பதிவு செய்வது. எப்போது போனார், என்ன கொடுத்தார், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது மட்டும்.

இரண்டாவது நடை: அதை ஃபோனில் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போவது. கேள்வியை நான் படிக்க மாட்டேன். ஹெட்போனைக் கொடுத்து, அந்தக் குரலைக் கேட்கச் சொல்வேன். முதல் முறை இப்படிச் செய்தபோது அவர் கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மைக்கைப் பார்த்து "அம்மா, உங்க பாஸ்புக் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்க" என்று ஆரம்பித்தார். திட்ட விளக்கம் போய், ஒரு ஆளுக்குச் சொல்லும் பதில் வந்துவிட்டது. பதில் முடிந்ததும் நான் தவறாமல் கேட்பது இது: "இவங்க நாளைக்குக் காலையில எந்த ஆபீஸ், எந்த கவுண்டருக்குப் போகணும், கையில என்னென்ன காகிதம் இருக்கணும்?" இதற்குப் பதில் வராமல் மைக்கை அணைக்காதீர்கள்.

மூன்றாவது நடையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிலைத் திரும்பவும் பெரியவரிடம் எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டி, அவர் சொல்வதையும் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை பதிலில் "ஆதார் சீடிங் ஆகலை" என்று வந்தது. அம்மா கேட்டார்: "சீட்டா? எந்தச் சீட்டு? எல்லாச் சீட்டும் குடுத்துட்டேனே." அந்தக் கேள்வியோடு மறுபடி ஓடினேன். 'அரசுப் பணம் எந்த பேங்க் கணக்குக்கு வரணும்ங்கிறதை ஆதாரோட சேர்த்துவைக்கிறது, பேங்க்லயே செய்வாங்க' என்ற விளக்கம் அதற்கு அப்புறம்தான் கிடைத்தது. அந்த அம்மாவுக்குப் புரியாதது, கேட்கிற யாருக்கும் புரிந்திருக்காது. இந்த மூன்று நடைக்கும் சேர்த்து நான்கு நாள் ஆகும். நேரம் இல்லையென்றால் மாதம் இரண்டு நிகழ்ச்சி செய்யுங்கள், நடையைக் குறைக்காதீர்கள்.

பேச்சில் அரசியல் வந்தால்? சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தியோ கட்சி அரசியலோ ஒலிபரப்ப முடியாது. ஒருவர் கட்சிக்காரரைத் திட்டினால் அந்த வரியை எடுத்துவிட்டு, அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்பதை வைத்துக்கொள்கிறேன்.

6. எடிட்டிங்

ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஃபோன் ஆப்களில் வெட்டுவது எனக்குப் பிடிக்காது, விரல் நுனியில் அரை விநாடியைப் பிடிக்க முடியாது. மோனோவில் (ஒரே ஒலித்தடமாக), வேவ் ஃபைலாக (ஒலியைச் சுருக்காத வகை) வைத்துக்கொள்ளுங்கள். சத்தக் குறைப்பைக் கொஞ்சமாகப் போடுங்கள், அதிகமானால் குரல் தகரக் குழாய்க்குள் இருந்து வருவது போல ஆகிவிடும்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, பேச்சுக்கு அடியில் இசை வேண்டாம். வயதானால் உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் கேட்க உதவுவதே அவைதான். அதன் மேல் வீணையை ஓடவிட்டால் பேச்சு கரைந்துவிடும். "பாட்டுக்கு நடுவுல யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு" என்று ஒரு தாத்தா சொன்னதிலிருந்து நான் போடுவதில்லை.

இரண்டு, பெரியவர் யோசிக்கும் மௌனத்தை முழுக்க வெட்டாதீர்கள். மூன்று விநாடி மௌனத்தை ஒன்றரை ஆக்கலாம். அதையும் எடுத்துவிட்டால் அவர் யாரிடமோ சண்டை போடுவது போலக் கேட்கும்.

இசைக்கு ஒரு இடம் உண்டு. தொலைபேசி எண் சொல்வதற்கு முன்னால் "பேனா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு 15 விநாடி இசை. அவர்கள் எழுந்து, கண்ணாடியைத் தேடி, காலண்டர் தாளைக் கிழித்து வர அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு எண்ணை மூன்று முறை, ஒவ்வொரு இலக்கமாக. முதியோர் உதவி எண் 14567 என்றால் "ஒண்ணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. காலை எட்டு மணியிலேருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும்." "பதினாலாயிரத்து ஐநூத்தி..." என்று படிக்காதீர்கள். இலவச சட்ட உதவிக்கான 15100-ம் இப்படித்தான்.

7. ஒலிபரப்புக்கு முன் ஒரு முறை கேட்க வைப்பது

100 வாட் வானொலி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். அந்த வட்டத்துக்குள் பெயரை மறைத்தாலும் குரலை மறைக்க முடியாது, பக்கத்துத் தெருவே அடையாளம் கண்டுவிடும். ஒரு அம்மா மகன் வீட்டில் நடப்பதை மனம்விட்டுச் சொன்னார், ஒலிபரப்பலாம் என்றும் சொன்னார். ஆனால் முந்தின நாள் ராத்திரி போட்டுக் காட்டியபோது, பாதியிலேயே "இத நிறுத்திரு கண்ணு" என்றார். எடுத்துவிட்டேன். அதே நிகழ்ச்சியில் அவர் குரல் இல்லாமல், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்பு மனு கொடுக்கலாம் என்பதையும், பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிவைத்து, பிள்ளை கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்பதையும் மட்டும் சொன்னேன். சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள்: பேசிய அன்றும், முழுதாகக் கேட்ட பிறகும்.

பின்சேர்க்கை 1: காது மிஷின் போட்டிருப்பவருக்கு ஹெட்போன் மாட்டினால் 'கீ' என்று கூவுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர்களுக்கு ஹெட்போன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: "எங்க தெருவுக்கு எடுக்கலை" என்று கேட்டவர்களுக்கு: ஃபோனில் எஃப்.எம். கேட்பதானால் இயர்போன் கம்பியைச் செருகியே ஆக வேண்டும், அதுதான் ஆன்டெனா. அப்படியும் எடுக்காத தெருக்களுக்கு நிகழ்ச்சியை எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பேரப்பிள்ளைகள் போட்டுக் காட்டுகிறார்கள்.

பின்சேர்க்கை 3: இது ஒரு நேயர் சுட்டிக்காட்டிய பிழை. நிலையத்தில் இடைவெளியை நிரப்ப ஒரு பழைய பதிவை மறு ஒலிபரப்பு செய்தார்கள். அதில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய் என்று என் குரல் சொல்கிறது. 2023-லேயே அது 1,200 ஆகிவிட்டது. "எனக்கு 200 ரூபா குறைச்சிட்டாங்களா?" என்று ஒருவர் நிலையத்துக்கு வந்து நின்றுவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் பதிவு செய்த மாதத்தையும் வருடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் பெயரிலும் அதே தேதி. தொகை, வயது வரம்பு, தொலைபேசி எண் வரும் பகுதிகளைத் தனித் துண்டாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஏதாவது மாறினால் அந்தத் துண்டை மட்டும் புதிதாகப் பேசி மாற்றிவிடலாம், பெரியவர்களின் பேச்சைத் தொட வேண்டியதில்லை.