வால்வு றேடியோ பாடவில்லையா? பிளக்கைச் செருகாதீர்கள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுமாரி மேல் வால்வு றேடியோ வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தானாகக் கெட்டதைவிட, திருத்தப்போய்க் கெட்டவைதான் அவற்றில் அதிகம் என்பேன்.

தூசைத் தட்டிவிட்டு நேரே 230 வோல்ட்டில் செருகிப் பார்ப்பதுதான் பெரிய பிழை. வருடக்கணக்கில் கரண்ட் காணாத எலெக்ட்ரோலைற்றிக் கொண்டன்சர் (கரண்டைச் சேமித்துவைக்கும் பாகம்) ஷோர்ட் ஆகி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் வால்வையும் ட்ரான்ஸ்போமரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கொண்டன்சர் கடையில் வாங்கலாம், அந்த ட்ரான்ஸ்போமரை எங்கே தேடுவது? 60 அல்லது 100 வாட் இழை பல்ப் ஒன்றை றேடியோவுக்குப் போகிற கரண்ட் வயரில் தொடராக இணைத்துப் பாருங்கள். எரிந்து மங்கினால் பரவாயில்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே கழற்றுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது.

நமது உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் மெழுகுக் காகிதக் கொண்டன்சர்களுக்கு எமன். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட் என்ற முனைக்குப் போகிற கொண்டன்சர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து உள்ளே சிவக்கும். அப்போது வால்வை மாற்றுவது காசுக்குக் கேடு. புதியதுக்கும் அதே கதிதான்.

ரெக்டிபயருக்கு அடுத்து வரும் பில்டர் கொண்டன்சரில் பெரிது போட்டால் இரைச்சல் குறையும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் ஈஇசட்80 என்ற ரெக்டிபயர் வால்வுக்கு 50 மைக்ரோஃபாரட்தான் எல்லை; மீறினால் வால்வு கெடும்.

உயிர் விஷயத்தில் விளையாட வேண்டாம். வால்வுகளின் பெயர் யுஎல்41, யுசிஎச்42 என்று ‘யு’வில் தொடங்கினால், பெரும்பாலும் அதில் மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் இருக்காது. பிளக் திரும்பிச் செருகப்பட்டால் சேஸி என்ற உள் உலோகத் தட்டு முழுக்கக் கரண்ட். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே அடிக்கும். எந்த செற்றானாலும் பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டன்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் ஒன்றால் அதை இறக்கி, மீற்றரில் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

சத்தம் குறைவு என்று ஐஎஃப் ட்ரான்ஸ்போமர் (நிலையங்களைப் பிரித்தெடுக்கும் சுருள்) கோர்களைத் திருகாதீர்கள்; இசைவு குலைந்துவிடும். ஸ்பிரிட்டால் டயல் கண்ணாடியைத் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போகும்.

அப்புறம், எல்லாம் சரியாகியும் வெறும் இரைச்சல்தான் என்றால் மறுபடி பிரிக்க அவசரப்பட வேண்டாம். உள்ளூர் நிலையங்கள் பெரும்பாலும் எஃப்எம்முக்குப் போய்விட்டன. இந்தப் பெட்டிகளில் பலவற்றில் மத்திய அலையும் சிற்றலையும்தான். நீளமான ஏரியல் கம்பி கட்டி, இருட்டிய பிறகு இந்திய மத்திய அலை நிலையங்களைத் தேடுங்கள். பக்கத்தில் செருகியிருக்கும் போன் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள்; பாதி இரைச்சல் அதிலிருந்தே வரும்.