ப்ரீ-ஸ்கூல், ஆஃப்டர் ஸ்கூல் ப்ரோக்ராம்களை எடை போடுறது எப்படி

ஒரு சென்டர் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கச் சொன்னா முக்காவாசி பேர் முதல்ல ஃபைலைத்தான் கேக்குறாங்க, அப்புறம் சுவத்துல ஒட்டுன சார்ட். ரெண்டையும் பொறவு பாத்துக்கலாம். போனை உள்ள வெச்சுட்டு மூணு மணி நேரம் ஒரு ஓரமா உக்காந்து பாருங்க, 3-5 வயசு புள்ளைங்க இருக்குற ப்ரீ-ஸ்கூலோட தரத்துக்கு ஸ்கோர் போடுற எக்கர்ஸ்-3 (ECERS-3) அளவுகோலும் அவ்ளோ நேரம்தான் பாக்கச் சொல்லுது.

டீச்சர் புள்ளைங்ககிட்ட என்ன பேசுறாங்கன்னு கவனிங்க. "உக்காரு, தொடாத, வரிசையில வா" இதைத் தவிர வேற எதுவும் காதுல விழலைன்னா குறிச்சுக்கோங்க. அடுக்குன கட்டை சரிஞ்சதும் "ஏன் விழுந்துச்சு?"ன்னு கேட்டுட்டு, புள்ள யோசிச்சு பதில் சொல்ற வரைக்கும் பொறுமையா நிக்கிறாங்களா, இல்ல தானே பதிலையும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்களா? கேட்டதை அப்படியே எழுதுங்க, "அன்பா நடந்துக்கிட்டாங்க"ன்னு எழுதுனா அது உங்க தீர்ப்பு, அதை வெச்சு யாரும் எதையும் மாத்த முடியாது. கை கழுவுறது, சாப்பாடு, தூங்க வைக்கிறது, இந்த நேரங்களை விட்றாதீங்க. உங்களுக்காக ரெடி பண்ணி வெச்ச பாட்டு டான்ஸ்ல தெரியாததெல்லாம் அங்கதான் வெளிய வரும்.

ஆஃப்டர் ஸ்கூலுக்கு இதே அளவுகோல் ஆகாது, 5-12 வயசுக்கு சாக்கர்ஸ்னு (SACERS) ஒரு அளவுகோல் தனியா இருக்கு. பகலெல்லாம் பெஞ்ச்சுல உக்காந்துட்டு வர்ற புள்ளைங்க, என்ன செய்யலாம்னு அவங்களே முடிவு பண்ண எடம் இருக்கணும். ஹோம்வொர்க் முடிக்கிறதோட சரின்னா நான் மார்க்கைக் குறைச்சிடுவேன்.

பாக்குறது ரெண்டு பேரா இருந்தா நல்லது, ஆனா தனித்தனியா ஸ்கோர் போட்டுட்டு அப்புறம்தான் வாயைத் திறக்கணும், இல்லைன்னா சீனியர் சொன்ன நம்பர்தான் ரெண்டு பேப்பர்லயும் இருக்கும். 1-லிருந்து 7 வரைக்குமான ஸ்கேல்ல ஒருத்தர் 3, இன்னொருத்தர் 6 போட்டா சராசரி எடுத்து மூடிடாதீங்க, நோட்ஸை விரிச்சு வெச்சு யார் எதைப் பாத்தோம்னு பேசுங்க.

அப்புறம் ஸ்கூலும் ஆஃப்டர் ஸ்கூலும் ஒத்துழைக்கிற விஷயம். ஸ்கூல் டீச்சரும் சாயங்கால ஸ்டாஃபும் பேசிக்கிறீங்களான்னு கேட்டா யார்தான் இல்லைம்பாங்க? "கடைசியா எந்தப் புள்ளையைப் பத்திப் பேசுனீங்க, அதுக்கப்புறம் என்ன மாத்துனீங்க"ன்னு கேளுங்க (பேர் வேணாம், விவரம் போதும்). ஸ்பீச் தெரபிஸ்ட் காலையில சொல்லிக்கொடுத்த பயிற்சி சாயங்கால ஸ்டாஃபுக்குத் தெரியுமா, அதைச் சொல்ல பெத்தவங்க சம்மதம் வாங்கியிருக்காங்களா, இதையும் பாருங்க.

ரிப்போர்ட்டை மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டீச்சர்கூட உக்காந்து படிங்க. முதல்ல எதை மாத்தலாம்னு அவங்களே ஒண்ணோ ரெண்டோ சொல்லட்டும், மறுபடி பாக்க வர்ற தேதியையும் அப்பவே குறிச்சிடுங்க.