பல வண்ண எழுத்துருவில் நிறத்தேர்வை வடிவமைப்பாளரிடம் விடும் முறை

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடைக்கு விளம்பரம் செய்யும் வடிவமைப்பாளர், இன்று அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளி இட்ட எழுத்தைத் தேடுவார். அடுத்த விளம்பரத்துக்கு அதே எழுத்து நீலத்தில் வெள்ளைப் புள்ளியோடு வேண்டியிருக்கும். எழுத்துருவைச் செய்பவர் நிறத்தைத் தாமே முடிவுகட்டிவிட்டால் அந்த எழுத்துரு ஒரு விளம்பரத்தோடு நின்றுவிடும்.

ஓப்பன்டைப் (OpenType) என்னும் கோப்பு வடிவில் அமைந்த எழுத்துருவில், சிஓஎல்ஆர் (COLR) என்னும் அட்டவணை எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் அடுக்குகளையும், சிபிஏஎல் (CPAL) என்னும் அட்டவணை 0 முதல் எண்ணிட்ட நிறங்களைக் கொண்ட நிறத்தொகுப்புகளையும் வைத்திருக்கும். அடுக்கில் நிறத்தின் எண் மட்டுமே இருப்பதால், வடிவத்தைத் தொடாமலேயே நிறத்தை மாற்ற முடிகிறது. ஆகவே எண்ணுக்குரிய வேலையை முதலிலேயே உறுதி செய்யுங்கள்: 0 உடல், 1 கரை, 2 புள்ளி வேலைப்பாடு. எல்லா எழுத்திலும், எல்லா நிறத்தொகுப்பிலும் இந்த வரிசை மாறவே கூடாது.

தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ‘கு’, ‘சூ’ போன்றவை பெரும்பாலும் தனி வடிவங்களாகவே வரையப்படுவதால், ஒவ்வொன்றுக்கும் தனியே அடுக்கு பிரிக்க வேண்டும். ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் ககரத்தின் இரு புறமும் தனித்தனியே வந்து அமர்வதால், காலின் கரைக்கு மட்டும் தவறுதலாக 2 என்று எண்ணிட்டிருந்தால், நிறம் மாற்றிய உடனே அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு 3 என்று தனி எண் தருவது நல்லது என்பது என் கருத்து. வேண்டாதவர் அதற்கும் உடலின் நிறத்தையே கொடுத்துக்கொள்ளலாம்.

வலைப்பக்கத்தில் நிறம் மாற்ற, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் (CSS) ‘ஃபான்ட் பேலட் வேல்யூஸ்’ (@font-palette-values) விதியை எழுத வேண்டும். இரட்டைச் சிறுகோட்டில் தொடங்கும் பெயர் ஒன்றை இட்டு, அதற்குள் எழுத்துருவின் பெயரையும், அடிப்படையாகக் கொள்ளும் தொகுப்பின் எண்ணையும், மாற்ற விரும்பும் எண்களுக்குரிய நிறங்களையும் தர வேண்டும். புள்ளி வேலைப்பாடு மட்டும் மாற வேண்டுமென்றால் 2-க்கு உரிய நிறத்தை எழுதினால் போதும். மற்றவை அடிப்படைத் தொகுப்பிலிருந்தே வரும். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் 2022 முதல் இந்த வசதி இருக்கிறது.

ஃபிளெக்ஸ், அழைப்பிதழ் வேலைகளுக்கு இது மட்டும் போதாது. நிறத்தொகுப்பை மாற்ற வழியில்லாத மென்பொருளுக்காக, உடல், கரை, புள்ளி ஆகியவற்றை ஒரே அகல அளவுள்ள தனித்தனி ஒருநிற எழுத்துருக்களாகவும் சேர்த்துக் கொடுங்கள்; வடிவமைப்பாளர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறமிடுவார். சிபிஏஎல் நிறங்கள் திரைக்குரிய ஆர்ஜிபி முறையில் இருப்பவை என்பதால், அச்சுக்குரிய சிஎம்ஒய்கே அளவுகளைத் தனிக் குறிப்பாக இணைத்துவிடுங்கள்.