அயலட்டைக் கரைச்சலும் ஒரு கொப்பியும்

லண்டனில் நாங்கள் முதலில் இருந்தது ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. ஒரு வீட்டைப் பிரித்து இரண்டு பிளாட்டாக்கியிருந்தார்கள். கீழே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு, ஊரிலிருந்து வந்திருந்த மாமி குசினித் தரையில் சாக்கை விரித்து, இரும்பு உரலில் மிளகாய் இடிக்கத் தொடங்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனியும் இடித்தார். மூன்றாம் சனி கதவுக்குக் கீழால் ஒரு துண்டு வந்து கிடந்தது. மணி மணியான கையெழுத்து. தொந்தரவுக்கு மன்னிக்கவும், காலையில் கொஞ்சம் பிந்தித் தொடங்க முடியுமோ என்று யோசித்தேன் என்ற மாதிரி நாலு வரி. "பாவம், நல்ல மனுசன், சும்மா கேட்டிருக்கிறார்" என்று நான் அதை மேசையில் வைத்துவிட்டேன். மாமி நாலாம் சனியும் இடித்தார். அடுத்த கிழமை கவுன்சிலிடமிருந்து, அதாவது உள்ளூராட்சி சபையிடமிருந்து, கடிதம் வந்தது.

அந்த நாலு வரியை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. இங்கே ஒருவர் "யோசித்தேன்" என்று எழுதினால், கன நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் என்றால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஏச்சு வரும், நாங்களும் திருப்பி ஏசுவோம், மிஞ்சினால் விதானையாரிடம் போகும், பின்னேரம் ஆறிவிடும். இங்கே முதலில் துண்டு, பிறகு கடிதம், பிறகு ஒரு கோப்பு. ஏச்சே இல்லாமல் வழக்கு வரைக்கும் போகலாம். உங்கள் மேல் முறைப்பாடு வந்தாலும், நீங்கள் மற்றவர் மேல் முறைப்பாடு செய்தாலும் இதே வழிதான். நான் எழுதுவது இங்கிலாந்தைப் பற்றி. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

இந்த விசயத்துக்கு இங்கே சொல்லும் பெயர் அன்ரி-சோஷல் பிஹேவியர், சுருக்கமாக ஏஎஸ்பி. கவுன்சில் துண்டுப்பிரசுரங்களில் "சமூக விரோத நடத்தை" என்று தமிழ்ப்படுத்துவார்கள். வாசித்தால் ஏதோ கொள்ளைக்கூட்டத்தைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும். எங்கள் "கரைச்சல்" என்ற சொல்தான் அதற்குக் கிட்ட வரும். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதை அகலமாகவே வரையறுக்கிறது: ஒருவருக்குத் தொல்லை, பயம், மன உளைச்சல் தருகிற அல்லது தரக்கூடிய நடத்தை, வீட்டு விசயத்தில் என்றால் ஒருவர் தன் வீட்டில் நிம்மதியாக இருக்க விடாத இடைஞ்சலும் எரிச்சலும்கூடப் போதும். இரவிரவாகப் பாட்டு, படிக்கட்டில் கூடி நின்று குடிப்பது, மிரட்டுவது, நாயை நாள் முழுக்கக் குரைக்க விடுவது, குப்பை கொட்டுவது, போதைப்பொருள் வியாபாரம் எல்லாம் இதற்குள் வரும்.

அதேநேரம் குழந்தை அழுவது, பகலில் பிள்ளைகள் விளையாடுவது, மேல்மாடியில் சாதாரணமாக நடக்கும் சத்தம், சமையல் மணம் போன்றவற்றைக் கவுன்சில்களும், குறைந்த வாடகைக்கு வீடு விடும் ஹவுசிங் அசோசியேஷன்களும் வழக்கமாக ஏஎஸ்பியாக எடுப்பதில்லை. கருவாடு பொரிப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. யன்னலைத் திறந்துவிட்டுப் பொரியுங்கள், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் பக்கம்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தெரியாமல்தான் மாட்டுப்படுகிறார்கள். "இரவு 11 மணி வரைக்கும் எவ்வளவு சத்தமும் போடலாம்" என்று யாராவது சொல்லுவார்கள். பிழை. இரவு 11 முதல் காலை 7 வரைக்கும் தனியாக ஒரு சட்டம், 1996ஆம் ஆண்டு நொய்ஸ் அக்ட், இருக்கிறது. அந்த நேரத்தில் அளவுக்கு மிஞ்சிச் சத்தம் போட்டு, எச்சரிக்கையையும் கேட்காவிட்டால் வீட்டுக்கு 110 பவுண்ஸ் தண்டம் எழுதலாம், பாட்டுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பகல் சத்தமும் அளவு தாண்டினால் 1990ஆம் ஆண்டுச் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். பகலில் யாரும் கேட்க முடியாது என்று நினைத்து ஹோம் தியேட்டரைச் சுவரோடு வைத்துவிடாதீர்கள். இங்கத்தையச் சுவர் பல வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

துளைப்பது, தட்டுவது, ஓடு உடைப்பது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலான கவுன்சில்கள் வைத்திருக்கும் நேரம்: வார நாளில் காலை 8 முதல் மாலை 6, சனிக்கிழமை மதியம் 1 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் இல்லை. வேலை முடிந்து வந்து இரவு ஒன்பதுக்கு அலுமாரி பொருத்துகிறவர்கள் கவனிக்க. பிளாட் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பல லீஸ்களில் (குத்தகை ஒப்பந்தங்களில்) தரைக்குக் கார்பெட் போட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தால் கீழ் வீட்டுக்காரருக்குச் சட்டம் உங்களுக்கு எதிராகக் கையில் வந்துவிடும்.

தீபாவளிக்கு ஒரு நல்ல செய்தி. வெடி, வாணம் வழக்கமாக இரவு 11 முதல் காலை 7 வரை கொளுத்தக் கூடாது. ஆனால் தீபாவளி இரவு மட்டும் 1 மணி வரை விட்டிருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கும் டிசம்பர் 31க்கும் அதே சலுகை. சொந்த வளவுக்குள் மட்டும். றோட்டில் வைத்துக் கொளுத்தினால் எந்த நாளென்றாலும் குற்றம்.

சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஆட்களைக் கூப்பிட்டால், அவர்களுடைய கார்கள்தான் பெரிய தலையிடி. பக்கத்து வீட்டு டிரைவ்வேயை மறித்து ஒன்று நிற்கும், இன்னொருவர் "வாறியா இல்லையா" என்று ஹோர்ன் அடிப்பார். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஹோர்ன் அடிக்கவே கூடாது. நிறுத்திய காரிலிருந்து பகலிலும் அடிக்கக் கூடாது. விருந்தாளிதானே செய்தது என்று தப்பவும் முடியாது. வாடகை வீடு என்றால், உங்களைப் பார்க்க வருகிறவர் அயலுக்கு இடைஞ்சல் செய்தாலும் வீட்டுக்காரர் அதையே காரணமாகக் காட்டி உங்களை வீட்டிலிருந்து எழுப்ப வழக்குப் போடலாம். 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

பிறகு மெத்தை. எங்கள் ஆட்கள் வீடு மாறும்போது பழைய மெத்தையை மதிலோரம் சாத்திவிட்டுப் போவதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் 1,000 பவுண்ஸ் வரை தண்டம். சரி, முப்பது பவுண்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று ஒரு வான்காரர் வருவார், கொடுத்துவிடலாம் என்றால், அவர் அதை அடுத்த சந்தியில் கவிழ்த்துவிட்டு, உங்கள் பெயர் போட்ட ஒரு கடிதம் அதற்குள் கிடந்தால் தண்டம் உங்களுக்கு, 600 பவுண்ஸ் வரை. அனுமதி உள்ள ஆளா என்று பார்ப்பது வீட்டாரின் கடமை. கவுன்சிலிடம் பெரிய சாமான் எடுக்கும் சேவை இருக்கிறது. ஒரு போன் போதும். வெற்றிலைத் துப்பலைப் பற்றித் தனியாக எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெம்பிளிப் பக்கம் போய் நடைபாதையைப் பாருங்கள்.

கரைச்சல் மற்றப் பக்கத்திலிருந்து வந்தால்

கீழ் வீட்டு ஐயாவோடு சமாதானமாகி ஒரு வருடம் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்தார்கள். வெள்ளி, சனி இரவுகளில் சுவருக்குள்ளால் பேஸ் அடி. பாட்டு கேட்காது, அடி மட்டும் வரும். நான் மூன்று தரம் கவுன்சிலுக்குப் போன் எடுத்து "எப்போதும் சத்தம், தாங்க முடியவில்லை" என்றேன். மறுபக்கத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: எந்தத் திகதி? எத்தனை மணிக்குத் தொடங்கியது? எத்தனை மணிக்கு நின்றது? எனக்குப் பதில் இல்லை. "எப்போதும்" என்பதை அவர்களால் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது.

அன்றைக்கு மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"மார்ச் 9, ஞாயிறு அதிகாலை 1.40 – 3.15. பக்கத்து வீடு, முன்னறைச் சுவர். பேஸ் அடி. கட்டில் சட்டத்தில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. சின்னவள் 2 மணிக்கு எழும்பி அழுதாள், பிறகு நித்திரை இல்லை. 1.55க்குக் கவுன்சில் இரவு இலக்கத்துக்கு அடித்தேன். பதிவு இலக்கம் தந்தார்கள்."

கோபம் வேண்டாம், பட்டப்பெயர் வேண்டாம், "இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்றால்" என்ற ஆராய்ச்சி வேண்டாம். திகதி, நேரம், என்ன கேட்டது, அதனால் வீட்டில் என்ன நடந்தது, யாருக்குச் சொன்னீர்கள். பல கவுன்சில்கள் போனிலேயே சத்தத்தைப் பதிந்து அனுப்ப ஒரு செயலி தருகின்றன, கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு போனுக்கும் பதிவு இலக்கம் வாங்காமல் வைக்காதீர்கள். பதிலுக்குப் பதில் செய்வது மட்டும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பழிவாங்க விடியற்காலை நாதஸ்வரத்தை முழுச் சத்தத்தில் போட்டார். அவர் மேல்தான் முறைப்பாடு பதிவானது. வாசல் கமெராவையும் உங்கள் வாசலுக்கே திருப்பி வையுங்கள். பக்கத்து யன்னலைப் பிடித்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு குறுக்கே வரும்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். கரைச்சல் தருகிறவர் கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருந்தால் அந்த நிறுவனத்தின் ஹவுசிங் ஒபிசருக்கு. சொந்த வீடோ தனியார் வாடகையோ என்றால், சத்தத்துக்கும் குப்பைக்கும் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு. தனியார் வாடகையில் இன்னொரு பிடி இருக்கிறது. சில இடங்களில் வீட்டை வாடகைக்குவிட வீட்டுக்காரர் கவுன்சிலிடம் லைசன்ஸ் எடுக்க வேண்டும். எங்கள் சனம் நிறைய இருக்கும் ஈஸ்ட்ஹாம், மேனர்பார்க் எல்லாம் அடங்கிய நியூஹாம் 2013இலேயே அதை ஏறக்குறைய முழுப் பகுதிக்கும் கொண்டுவந்தது. அந்த லைசன்ஸ் நிபந்தனைகளில் வாடகையாளரின் கரைச்சலைக் கவனிப்பதும் ஒன்று. "எனக்கு வாடகை வந்தால் சரி" என்று வீட்டுக்காரர் கையை விரித்தால், லைசன்ஸைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு மாறும்.

உயிருக்கு ஆபத்து, இப்போதே அடிதடி என்றால் பொலிஸுக்கு 999. மிரட்டல், உடைப்பு, முடிந்துபோன சம்பவம் என்றால் பொலிஸின் அவசரமில்லாத இலக்கம் 101. இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். "டமில் இன்ரர்பிரிட்டர் பிளீஸ்" என்று சொன்னால் போதும். பத்து வயதுப் பிள்ளையைப் போனில் விட்டு, குடிகாரன் என்ன சொல்லி ஏசினான் என்று பொலிஸுக்குச் சொல்ல வைக்காதீர்கள். போதைப்பொருள் வியாபாரத்தைப் பெயர் சொல்லாமல் அறிவிக்க கிரைம்ஸ்ரொப்பர்ஸ் 0800 555 111 இருக்கிறது.

பிறகும் யாரும் அசையாவிட்டால்? இதைத்தான் பலர் அறியாமலே வீடு மாறிப் போகிறார்கள். ஏஎஸ்பி கேஸ் ரிவியூ என்று ஒரு உரிமை 2014 சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு கம்யூனிட்டி ட்ரிகர் என்றார்கள். பொதுவாக 6 மாதத்துக்குள் 3 முறை அறிவித்திருந்தால் கேட்கலாம். ஒவ்வொன்றையும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அறிவித்திருக்க வேண்டும். கவுன்சில், பொலிஸ், ஹவுசிங் நிறுவனம் எல்லாம் ஒன்றாக இருந்து, இதுவரை யார் என்ன செய்தார்கள் என்று பார்த்து, உங்களுக்குப் பதில் தர வேண்டும். அதற்குத்தான் அந்தக் கொப்பியும் பதிவு இலக்கங்களும். உங்கள் சம்மதத்தோடு கவுன்சிலரோ எம்பியோகூட உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். ஹவுசிங் நிறுவனமே உங்கள் வீட்டுக்காரராக இருந்து, அதன் முறைப்பாட்டுப் படிகள் இரண்டையும் தாண்டியும் சரிவராவிட்டால் வீட்டு முறைப்பாடுகளை நடுநிலையாகப் பார்க்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். காசு இல்லை, வக்கீல் தேவையில்லை.

இன்னொரு விதக் கரைச்சல் இருக்கிறது. வாசலில் முட்டை எறிவது, கடிதத் துவாரத்தால் குப்பை போடுவது, நிறத்தைச் சொல்லிக் கத்துவது. "பெடியள், விட்டுவிடு" என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். விடாதீர்கள். 1993இல் தெற்கு லண்டனில் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் கொல்லப்பட்டதையும் அதைப் பொலிஸ் கையாண்ட விதத்தையும் விசாரித்த 1999ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒன்றை இனவாதம் என்று கருதினால், அதை இனவாதச் சம்பவமாகவே பதிய வேண்டும். ஆகவே முறைப்பாடு செய்யும்போது "ஹேட் கிரைம்" (வெறுப்புக் குற்றம்) என்ற சொல்லை நீங்களே சொல்லுங்கள். அது வெறும் சத்தக் கோப்புக்குள் போகாமல் இருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு விசயத்துக்கு வருகிறேன். ஒரு வீடு சொல்வதைவிட இரண்டு வீடு சொன்னால் பலம் என்று கவுன்சில் ஒபிசர் சொன்னார். கொஞ்சம் கூச்சத்தோடு கீழே போய் ஐயாவின் கதவைத் தட்டினேன். உங்களுக்கும் கேட்கிறதா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு கறுப்புக் கொப்பியோடு வந்தார். நான் எழுதிய அதே இரவுகள், அதே நேரங்கள், இரண்டொரு நிமிட வித்தியாசத்தோடு. இரண்டு கொப்பியையும் சேர்த்துப் படி எடுத்துக் கொடுத்தோம். எச்சரிக்கைக் கடிதம் போனது, வீட்டுக்காரர் கூப்பிடப்பட்டார், இரண்டு மாதத்தில் இரவுகள் அடங்கின.

படி எடுப்பதற்காக அவருடைய கொப்பியைப் புரட்டியபோது முதல் பக்கம் கண்ணில் பட்டது. மாமியின் நாலு சனிக்கிழமையும் அதில் இருந்தன. 6.32, 6.28, 6.35, 6.30.