ட்ரெய்லரில் சந்து அடைக்கிறேன் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள்

மச்சானும் நானும் அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் பத்தடி நீளத்துக்கு ஒரு குட்டி கேம்பிங் ட்ரெய்லர் கட்டி எடுத்தோம். உள்ளே ஒரு சின்ன விண்டோ ஏசி, ஒரு மினி ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு, அவ்வளவுதான். முதல் பயணம் மாமல்லபுரம் தாண்டி ஒரு தோப்பு. ஜூன் மாதம், ராத்திரி அங்கேயே கரண்ட் எடுத்து ஏசி போட்டுப் படுத்தோம், காலையில் பார்த்தால் ஏசிக்குக் கீழே இருந்த ப்ளைவுட் ஓரமெல்லாம் ஊறிப் போயிருக்கிறது. மழை ஒரு சொட்டு இல்லை. ஏசி தண்ணீர் வெளியே ஒழுங்காகச் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, ஏசியைச் சுற்றி நாங்கள் விட்ட விரல் அகலச் சந்து வழியாக ராத்திரி முழுக்க கடல் காற்று சுவருக்குள் போய், ஏசி குளிர்ச்சியில் சில்லிட்டிருந்த பலகையின் பின்பக்கம் வியர்த்திருக்கிறது.

இங்கேதான் முதல் தவறு. சந்து அடைப்பது பற்றி யூடியூபில் வருவதில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் போடுவது. அவர்கள் ஊரில் ஈரம் இருப்பது ஹீட்டர் போட்ட உள்பக்கத்தில், அதனால் உள்பக்கம் அடைத்தால் போதும் என்பார்கள். நமக்குத் தலைகீழ், ஈரம் வெளிப்பக்கம். சென்னைக் கோடை ராத்திரியில் வெளிக்காற்று 25 டிகிரி வாக்கில் ஆறினாலே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும், நாமோ ஏசியை 24-இல் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். உள்ளே மட்டும் அழகாக ஒரு கோடு சிலிக்கான் இழுத்துவிட்டு வெளிப்பக்கத்தைத் திறந்து விட்டால் ஈரக்காற்று சுவருக்குள் நுழைந்து உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே பலகையை அழுக வைக்கும். முதலில் வெளித் தகடு ஓரத்தை அடையுங்கள், உள்பக்கம் அப்புறம்.

இரண்டாவது தவறுதான் பெரிய தவறு. ஒருதடவை ஊறியதும் பயந்துபோய் கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் அடைப்பது, நாங்களும் அதைத்தான் செய்தோம். ஃப்ரிட்ஜ் ஆடாமல் இருக்கட்டும், குளிரும் நிற்கட்டும் என்று இரண்டு பக்கமும் தெர்மாகோல் செருகினோம். இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது, அதனால்தான் கை வைத்தால் பக்கவாட்டில் சுடும். அதைத் தெர்மாகோலால் மூடினால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பேட்டரியில் ஓட்டுகிறவர் என்றால் விடிவதற்குள் பேட்டரி காலி. ஃப்ரிட்ஜைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், அதை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆடாமல் இருக்க அடியில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

வெளிநாட்டு ட்ரெய்லர்களில் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும், அதற்கு வெளிச்சுவரில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு காற்றுத்துளை வைத்திருப்பார்கள். கீழே காற்று நுழைந்து மேலே சூடு போகும், உள்ளே பர்னர் எரிவதற்கும் அந்தக் காற்றுதான். அவற்றை ஒருநாளும் மூடக்கூடாது. அடைக்க வேண்டியது ஃப்ரிட்ஜின் முன்விளிம்புக்கும் நீங்கள் படுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சந்தை, இல்லையென்றால் பர்னர் புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவும் அறைக்குள் வரலாம். அதற்கு வாடையே கிடையாது.

விண்டோ ஏசியில் இதே கதை வேறு மாதிரி. அதன் பின்பாதியில் பக்கவாட்டில் சீப்பு மாதிரி கீறல்கள் இருக்கும், வெளிக்காற்றை இழுப்பது அதன் வழியாகத்தான். அவை சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். அழகுக்காக ஏசியை உள்ளே தள்ளிப் பொருத்தி, கீறலோடு சேர்த்து ஃபோம் அடித்துவிட்டு "ஏசி குளிரவில்லை" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் தண்ணீர் வடியும் துளையையும் சிலிக்கானில் மூழ்கடித்துவிடாதீர்கள்.

கேஸ் அடுப்பு இருந்தால் தரையோரம் ஒரு வலைபோட்ட துளை இருக்கும், அதன் வழியாகப் பூச்சி வருகிறது, புழுதி வருகிறது என்று அடைக்கத் தோன்றும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், வெளியே போக அந்தத் துளை ஒன்றுதான் வழி. பூச்சிக்குப் பயந்தால் ஸ்டெயின்லெஸ் வலையாகப் போடுங்கள், சாதா இரும்பு வலை ஈசிஆர் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

சரி, எதை வைத்து அடைப்பது? வீட்டில் குழாய் ஓட்டைக்கு வைக்கிற எம்-சீல் இதற்கு ஆகாது, அது கல் மாதிரி இறுகிவிடும், வண்டியோ ஆடும். போதாததற்கு ஒரு மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும், நம் ஊர் மத்தியான வெயிலில் நிற்கும் கூரைக்கு அந்தச் சூடு சாதாரணம். இறுகிப்போன எதுவும் அந்த இழுப்பில் விரிசல் விட்டுவிடும். ஸ்ப்ரே ஃபோம் வேறு ரகத் தொல்லை. கொஞ்சம் கூடுதலாக அடித்தால் ஊதி மெல்லிய தகட்டையே வளைத்துவிடும், அதோடு தீயும் பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

சிலிக்கானிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூசும்போது வினிகர் வாடை வந்தால் அது அமில வகை, கண்ணாடிக்குச் சரி, செம்பு, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), அலுமினியம் பக்கத்தில் அரித்துவிடும். கடையில் நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். பழைய சிலிக்கான் மேலேயே புதுசைப் பூசினால் ஒட்டாது, பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். சந்து விரல் அகலம் இருந்தால் ட்யூபை அப்படியே பிதுக்கி நிரப்பாதீர்கள். முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்து மேலே மட்டும் சிலிக்கான் போட்டால் இரண்டு ஓரத்திலும் மட்டும் பிடித்துக்கொண்டு ரப்பர் மாதிரி இழுபடும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும்.

வேலை முடிந்ததும் கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கதவு ஜன்னலை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஊதுபத்தியோடு ஓரம் ஓரமாக நடங்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே இன்னும் சந்து இருக்கிறது. ஆனால் ஏசியைச் சுற்றி நாலு பக்கமும் சிலிக்கானால் ஒட்டிவிடாதீர்கள். போன வருஷம் சர்வீஸுக்கு வந்த பையன் ஏசியை வெளியே இழுக்க முடியாமல், "சார், இது ஏசியா சமாதியா?" என்றான். பிளேடு வைத்து அறுத்தெடுக்க அரை நாள் ஆனது. இப்போது உள்பக்கம் புதுப்பேட்டையில் வாங்கிய கார் கதவு ரப்பர் பீடிங்தான், ஸ்க்ரூவைக் கழற்றினால் ஏசி கையோடு வந்துவிடும்.